பாஸ் பானையும் இரண்டு ஹெட்போன்களும்

1

மூன்றாவது கடிதமும் வந்துவிட்டது. நாங்கள் இந்த ஊருக்குக் குடிவந்து பத்து வருஷம் முடிந்த அதே வாரத்தில் வந்ததால், வீட்டு நிர்வாகம் ஏதோ வாழ்த்து அனுப்பியிருக்கிறது என்று நினைத்து என் மனைவி கலா ஆசையாகப் பிரித்தாள். அவள் கோயம்புத்தூர்க்காரி. ஜெர்மன் மொழியில் என்னைவிடக் கெட்டி. நின்றபடியே படித்து முடித்தாள், மடித்தாள், என் இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"உங்க பானையப் பத்தித்தானுங்க. இன்னொருக்கா புகார் வந்தா வீட்டைக் காலி பண்ணோணுமாம்."

வாழ்த்தாவது மண்ணாவது! பத்து வருஷமாகக் குப்பையை நிறவாரியாகப் பிரித்துப் போட்டு, என் முறை வருகிற வாரம் மாடிப்படியைக் கூட்டித் துடைத்து, சாயங்காலத்துக்கு மேல் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்காமல் வாழ்ந்தவன் நான். ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் அரை மணி தூரத்தில் இருக்கும் இந்தச் சின்ன ஊரில் என்னைப் போல் ஒழுங்காக மாடிப்படி துடைத்தவன் எவனும் இல்லை. அப்படிப்பட்டவனை ஒரு மண் பானைக்காகத் தெருவில் நிறுத்துவோம் என்கிறார்கள்.

பானை என்றதும் செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் பக்கம் தொண்ணூறுகளில் வாலிபனாக இருந்தவர்களுக்குப் புரிந்திருக்கும். மற்றவர்களுக்காக விளக்கிவிடுகிறேன்.

2

ஸ்பீக்கரைப் பெட்டிக்குள் வைத்தால்தான் பாஸ் வரும். பாஸ் என்றால் பாட்டின் அடியில் கும் கும் என்று நெஞ்சில் வந்து மோதுகிற சத்தம். நல்ல பெட்டி வாங்க எங்களிடம் வழியில்லை. பானை இருந்தது. பெரிய மண் பானையின் வாயில் ஸ்பீக்கரை மல்லாக்க வைத்து, சுற்றிலும் காற்று போகாமல் அடைத்துவிட்டால் போதும். பெட்டியெல்லாம் பிச்சை வாங்க வேண்டும். அப்படி ஒரு கும்!

இந்த வித்தையில் என் கூட்டாளி டில்லி. திருப்போரூரில் கேசட் கடை வைத்திருந்தான். இப்போதும் அதே கடைதான், கேசட்டுக்குப் பதில் டி.வி.டி.யும் செல்போன் ரீசார்ஜும். திருக்கழுக்குன்றம் சந்தையில் நானும் அவனும் பானை வாங்கப் போனால், தண்ணீர் பிடிக்குமா என்று பார்க்க மாட்டோம். ஒவ்வொரு பானையாகக் காதருகே தூக்கி, விரலை மடக்கித் தட்டுவோம். டில்லி கண்ணை மூடிக்கொண்டு, "இது சோறாக்கற பானை. வெச்சிடு. இது பாரு மச்சான், பாடற பானை," என்பான். விற்கிற அம்மாள் எங்கள் இருவரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள்.

மகாபலிபுரம் போகிற பஸ்ஸில் பின் சீட்டுக்குத்தான் நாங்கள் சண்டை போடுவோம். பாஸ் பெட்டி அங்கேதான் சீட்டுக்கு அடியில் இருக்கும். இறங்கிக் கடற்கரைக்கு நடந்த பிறகும் தொடை கொஞ்ச நேரம் அதிர்ந்துகொண்டே இருக்கும்.

அங்கே எல்லாம் சுகமாக இருந்தது என்று புளுக வரவில்லை. பரீட்சைக்கு முதல் நாள் தெருக்கோடி மாரியம்மன் கோயிலில் கூம்பு ஸ்பீக்கரைக் கட்டி, என் ஜன்னலைப் பார்த்துத் திருப்பி வைத்தார்கள். கெஞ்சப் போனேன். "சாமி வெசயம் தம்பி. நீ காதுல பஞ்சு வெச்சுக்கினு பட்சிக்கோ," என்றார்கள். கடிதமும் கிடையாது, புகாரும் கிடையாது. பரீட்சையில் நான் வாங்கியதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

3

சரி, அந்தப் பானை இங்கே எதற்கு வந்தது? அதைச் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் விளங்கும்.

எங்களுக்கு ஒரே பெண், தீபா. மூன்று வயதில் வந்தவளுக்கு இப்போது பதின்மூன்று. நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். அதட்டினால் தமிழில் சொல்வாள், மூன்றே சொல்லில். மற்றபடி கணினியில் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு யாரையாவது சுட்டபடி இருப்பாள். தமிழ் வகுப்புக்கு அனுப்பினோம். இரண்டு மாதம் போய்விட்டு, "அங்க எல்லாரும் ஜெர்மன்லதான் பேசறாங்க," என்று நின்றுவிட்டாள். கலா கதைப் புத்தகம் வாசித்துப் பார்த்தாள். நான் திட்டிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

அப்புறம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் தனியாகத் தமிழ்ப் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். புதிதாகச் செய்த பானையை டி.வி.யோடு இணைத்திருந்தேன். சண்டைக் காட்சி வந்ததும் வீடே அதிர்ந்தது. அறைக்குள் இருந்தவள் ஓடி வந்தாள். பானைமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு சோபாவில் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தவள் படம் முடிகிற வரை எழுந்திருக்கவில்லை. பாதியில், "அப்பா, அந்த ஆளு சொன்னாரே, 'பேஜாரு'. அப்டின்னா இன்னா?" என்றாள்.

"இன்னாவா? என்னன்னு கேளு கண்ணு. உங்கப்பா ஊர்ப் பேச்சு உனக்கெதுக்கு?" என்று சமையலறையிலிருந்து கலா கத்தினாள். கத்தட்டும். என் பெண் தானாகக் கேட்ட முதல் தமிழ்ச் சொல் அது.

அன்றிலிருந்து சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணி முதல் நாலு வரை எங்கள் இருவருக்கும் சினிமா. ஒரு படத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கேள்வி கேட்பாள். நான் பதில் சொல்வதற்குள் அடுத்த காட்சி போய்விடும், அதைப் பற்றிக் கேட்பாள். நாலு மணிக்கு ஹேண்ட்பால் பயிற்சிக்குப் போய்விடுவாள், ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். நேரத்தை மாற்ற வழியே இல்லை. வாரத்துக்கு மூன்று மணி நேரம்தான் எனக்கு என் பெண்ணும், அவளுக்குத் தமிழும். அது போனால் வேறொன்றும் மிச்சமில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

பானை செய்த கதை தனி. இங்கே தோட்டச் சாமான் விற்கும் கடையில்தான் மண் பானை கிடைக்கும், செடி வைக்க. வரிசையாக ஒவ்வொன்றையும் தூக்கித் தட்டிக் காதில் வைத்துக் கேட்டேன். கடைக்காரப் பெண் பக்கத்தில் வந்து, "உள்ளே யாராவது பதில் சொல்கிறார்களா?" என்று பணிவாகக் கேட்டாள். அதோடு எல்லாப் பானைக்கும் அடியில் ஓட்டை, தண்ணீர் வடிவதற்கு. ஒயின் பாட்டில் கார்க்கை வைத்து அடைத்தேன். டில்லிக்குப் போனில் சொன்னபோது, "ஓட்டப் பானய வித்துக்கினு கீறாங்களா? நல்ல நாடுடா," என்றான்.

4

எங்களுக்குக் கீழ் வீட்டில் ஒரு ட்ராம் ஓட்டுநர். தனி ஆள். விடிவதற்கு வெகு முன்பே வேலைக்குப் போய், மத்தியானம் ஒரு மணிக்கு வந்து படுப்பார். நான் பானையை வைத்திருந்தது மரத் தரையில், சரியாக அவருடைய கட்டிலுக்கு மேலே. தெரிந்தா வைத்தேன்?

அவர் கொடுத்த புகாரில் வந்த முதல் கடிதத்தோடு ஒரு படிவமும் இருந்தது. கலா வேலைக்குப் போயிருந்தாள். நானே பூர்த்தி செய்தேன். 'தொந்தரவு தரும் சாதனம் எது?' என்று கேட்டிருந்தார்கள். பானை என்று உண்மையை எழுதினேன். ஜெர்மனில் அது 'டோப்ஃப்'. 'எப்போது உபயோகிக்கிறீர்கள்?' சனிக்கிழமை ஒன்று முதல் நாலு வரை. 'எவ்வளவு பெரியது?' இருபது லிட்டர். கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்துவிட்டு, பொறுப்பாக ஒரு வேலை முடித்த திருப்தியோடு படுத்தேன்.

இரண்டாவது கடிதம் அதற்குப் பதில். 'டோப்ஃப்' என்றால் சமையல் பாத்திரமும்தான் என்பது எனக்கு எங்கே உறைத்தது? இந்தியக் குடும்பம், இருபது லிட்டர் பாத்திரம், மூன்று மணி நேரம். சமைக்கும்போது ஜன்னலைத் திறந்து வைப்பது எப்படி என்று படம் போட்ட துண்டுப் பிரசுரம் ஒன்றை இணைத்திருந்தார்கள். கடைசி வரியில், 'பாத்திரத்துக்கு மூடி போடும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.'

கலாவுக்கு வந்ததே கோபம். "என்ற சாம்பாரைச் சொல்றாங்களா? பத்து வருசத்துல ஒருத்தர் மூக்கைப் பொத்திருப்பாங்களா?" என்று அலுவலகத்துக்குப் போன் போட்டு வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். விஷயம் சமையல் அல்ல, சத்தம் என்று அவளே விளக்கமும் கொடுத்து முடித்தாள். அந்த விளக்கத்தை வைத்துத்தான் மூன்றாவது கடிதம் வந்தது. யாரை நான் நொந்துகொள்வது?

கடிதத்தை எடுத்துக்கொண்டு கீழே போனேன். நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்ற வேகம். ட்ராம்காரர் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, காப்பி கொடுத்து, கட்டிலுக்கு மேலே தொங்கிய விளக்கைக் காட்டினார். "சனிக்கிழமை இது ஆடும். முதல் வாரம் பூகம்பம் என்று எழுந்து உட்கார்ந்துவிட்டேன்," என்றார். அவர் முகத்தில் கோபமே இல்லை. கண்ணுக்குக் கீழே பை தொங்கியது. "தூங்காமல் ட்ராம் ஓட்டினால் எனக்குப் பயமாக இருக்கிறது," என்றார். இவனோடு எப்படிச் சண்டை போடுவது? ஒரு கெட்ட மனுஷனாக இருந்து தொலைத்திருக்கக் கூடாதா?

பானையைக் கழற்றினேன். அந்தச் சனிக்கிழமை டி.வி.யின் சொந்த ஸ்பீக்கரில், அதுவும் சத்தத்தைக் குறைத்து வைத்துப் படம் போட்டேன். தீபா இருபது நிமிஷம் உட்கார்ந்தாள். "கொசு கத்தற மாதிரி இருக்கு," என்று எழுந்து போய்விட்டாள். அடுத்த வாரம் வரவே இல்லை.

5

"ஹெட்போன் வாங்குப்பா. கேமுக்கும் ஆச்சு, படத்துக்கும் ஆச்சு," என்றது தீபாதான். அதற்கு முன் வரை அவள் கணினியோடு வந்த ஏதோ ஒரு குப்பையை மாட்டியிருந்தாள். ஒரே ஜாக்கில் இரண்டு ஹெட்போன் மாட்டச் சின்னப் பிரிப்பான் கிடைக்கும் என்றும், ஆளுக்கு ஒன்று வாங்கினால் சேர்ந்தே பார்க்கலாம் என்றும் சொன்னாள். என் பெண்ணே சேர்ந்து பார்க்கலாம் என்று சொன்ன பிறகு எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

போன் கார்டைச் சுரண்டி டில்லியைக் கூப்பிட்டேன்.

"காதுல மாட்டிக்கினு பாஸு கேக்கப் போறியா? நெஞ்சுல அடிக்காத பாஸு இன்னா பாஸு மச்சான்?"

"வேற வழி இல்லடா. சத்தம் வெளியில போகக் கூடாது."

"அப்டின்னா பின்பக்கம் மூடுனதா பாத்து வாங்கு. நம்ம பானை கணக்கு. அடைச்சாத்தான் அடி வரும். சில ஹெட்போனுக்கு முதுவுல சல்லடை மாதிரி ஓட்டை கீது, அத்த வாங்கிடாத. உள்ள பாட்டு, வெளில கூத்து."

நாவலூர் வரைக்கும் கம்ப்யூட்டர் கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடமாக வந்துவிட்டதாம். அங்கே வேலை செய்கிற பையன்களும் பெண்களும் கழுத்தில் ஹெட்போனோடுதான் இவன் கடைக்கு வருகிறார்களாம். "காதுல மாட்டிக்கினே பேசறாங்கடா. நான் இன்னா சொல்றேன்னு அதுங்களுக்கும் தெரில, அதுங்க இன்னா கேக்குதுன்னு எனக்கும் தெரில. ஒரே பேஜாரு," என்று அலுத்துக்கொண்டான்.

சரி என்று தீபாவோடு கடைக்குப் போனேன். 'மூடிய' என்பதற்கு ஜெர்மனில் 'கெஷ்லோஸன்' என்று அகராதியில் பார்த்து, வழியெல்லாம் சொல்லிப் பழகியிருந்தேன். கடைச் சிப்பந்தி முன்னால் நின்று, ஹெட்போன் வரிசையைக் கையால் காட்டி, "கெஷ்லோஸன்?" என்றேன்.

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். "இல்லை இல்லை, எட்டு மணி வரை இருக்கிறோம்."

"அதில்லை, எனக்கு மூடியதுதான் வேண்டும்."

"மூடிய பிறகா வருகிறீர்கள்?"

தீபா இரண்டு அடி தள்ளிப் போய், நான் யாரோ என்பது போல் பாட்டரி விலையைப் படிக்கத் தொடங்கினாள். பிறகு மனசு கேட்காமல் வந்து, ஒரே வாக்கியத்தில் அவனுக்குப் புரியவைத்தாள். மூடிய ஹெட்போன், பாஸ் பலமாக, விளையாட்டுக்கும் சினிமாவுக்கும். நான் பத்து வருஷமாகக் கற்ற மொழி.

முதலில் அவன் கொடுத்தது பஞ்சு போல் லேசாக இருந்தது. மாட்டினேன். ஆகா, மண்டபத்தில் உட்கார்ந்த மாதிரி விசாலமான சத்தம். ஆனால் மூன்றடி தள்ளி நின்ற தீபா அதே பாட்டுக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். திருப்பிப் பார்த்தால் முதுகில் சல்லடை. டில்லி வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்.

இரண்டாவது மூடியதுதான். பெட்டியில் மின்தடை 'இருநூற்றைம்பது ஓம்' என்று போட்டிருந்தது. நாலு ஓம், எட்டு ஓம் ஸ்பீக்கரோடு வளர்ந்தவனுக்கு அதைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. இவ்வளவு ஓம் திருப்போரூர் கோயிலில்கூடச் சொல்ல மாட்டார்கள். இதை இயக்கத் தனியாக ஓர் ஆம்ப்ளிஃபயர் வேண்டும், வெறும் டி.வி.யில் மாட்டினால் முணுமுணுக்கும் என்றான் சிப்பந்தி. வை கீழே.

மூன்றாவது கறுப்பு, கனமானது. காதை முழுக்க உள்ளே வாங்கிக்கொள்ளும் மெத்தை. மாட்டியதும் கடை இரைச்சல் மொத்தமும் நின்றுபோனது. டிரம் அடித்தது பாருங்கள், தாடை எலும்பில் இறங்கியது. என் மூக்குக்கண்ணாடிக் காம்பு மெத்தையைக் கொஞ்சம் தூக்கியதால் ஒரு பக்கம் பாஸ் ஒழுகியது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டேன். தீபாவிடம் கொடுத்தேன்.

"பாஸ் கொஞ்சம் ஓவர்பா. கேம்ல பின்னாடி யாராவது வந்தா காலடிச் சத்தம் கேக்கணும். இதுல டும்மு டும்முன்னு அத முழுங்கிடும்."

"வெடிச் சத்தம் வேணுமா வேணாமா உனக்கு?"

"வேணும். ஆனா..."

"அப்ப இதுதான்," என்றேன். வெளிச் சத்தம் உள்ளே வராது, உள் சத்தம் வெளியே போகாது என்று சிப்பந்தி சத்தியம் செய்தான். இதைவிட நன்றாக அடைக்கிறது வேறு உண்டா என்று கேட்டேன். இல்லை என்றான். அதிலேயே இரண்டு கொடுங்கள் என்றேன். அந்தக் கடையிலேயே கெட்டியாகக் காதை அடைக்கிற சாமானை நானேதான் தேர்ந்தெடுத்தேன். யாரும் என் தலையில் கட்டவில்லை.

6

சனிக்கிழமை ஒரு மணிக்குப் பிரிப்பானை டி.வி.யில் மாட்டி, இரண்டு ஒயரையும் சோபா வரை இழுத்து, அப்பனும் பெண்ணும் கறுப்புத் தொப்பி போட்ட விமானிகள் மாதிரி உட்கார்ந்தோம். கலா எட்டிப் பார்த்து ஏதோ சொன்னாள். வாய் அசைந்தது, அவ்வளவுதான். சிரித்து வைத்தேன்.

படம் என்னவோ சுமார்தான். சத்தம் இருக்கிறதே! மழை வந்தபோது காலைத் தூக்கி உட்கார்ந்தேன். லாரி போனது என் இடது காதிலிருந்து வலது காதுக்கு. டில்லி சொன்னது தப்பு, இதுவும் நெஞ்சில்தான் அடிக்கிறது என்று அவனுக்குச் சொல்ல வேண்டும் என நினைத்துக்கொண்டேன். மூன்று மணி நேரம் போனதே தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் தீபா பக்கத்திலேயே இருந்தாள், எழுந்து போகவில்லை. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

படம் முடிந்து இருவரும் கழற்றினோம். காது சுட்டது.

"எப்டி?"

"சூப்பர் பாஸ்," என்றாள் ஜெர்மனில்.

"எல்லாம் புரிஞ்சுதா? நீ ஒண்ணுமே கேக்கலியே இன்னிக்கி?"

ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "கேட்டேன்பா. நாலு வாட்டி கேட்டேன். நீதான் கேக்கல."

ஜெர்மனில் வினவுவதற்கு ஒரு சொல், செவிமடுப்பதற்கு வேறொரு சொல். தமிழில் இரண்டுக்கும் கேட்பதுதான். என் பெண் அந்த ஒரே சொல்லை இரண்டு விதமாகவும் பிசகில்லாமல் போட்டு என்னை உட்காரவைத்துவிட்டாள்.

"இன்னா வார்த்தை? இப்ப கேளு, சொல்றேன்."

யோசித்தாள். "அந்தப் பாட்டி ஆஸ்பத்திரில சொல்வாங்க... தெரியலப்பா. போச்சு." ஒரு தோளைக் குலுக்கி, பரவாயில்லை என்று ஜெர்மனில் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பயிற்சிக்கு ஓடினாள். திரும்பி வந்துதான் சொன்னாள், போகும்போது படியில் ட்ராம்காரர் எதிரே வந்திருக்கிறார். நன்றாகத் தூங்கியதாகவும், இந்த வீடு இவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை என்றும் அப்பாவிடம் சொல்லச் சொன்னாராம். பெட்டியில் ஒரு கேக்கையும் எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார். கலா சாப்பிட்டாள். நான் தொடவில்லை.

என்மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நாலு முறை கூப்பிட்டிருக்கிறாள். நான் லாரிச் சத்தத்தை ரசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். கோயில்காரன், வீட்டு நிர்வாகம், கடைச் சிப்பந்தி என்று ஊரெல்லாம் திட்டுகிறேனே, என்னை எவன் திட்டுவது? அந்த வாரம் முழுக்க அவளிடம் அந்தச் சொல்லைக் கேட்டு நச்சரித்தேன். படத்தை மறுபடி போட்டு ஆஸ்பத்திரிக் காட்சியைத் தேடினேன். கிழவி பேசும் காட்சி மூன்று இருந்தது. எதில் எந்தச் சொல் என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு எல்லாச் சொல்லும் தெரிந்த சொல்தானே.

அடுத்த சனிக்கிழமை அவள் வந்து உட்கார்வாளா என்று சந்தேகமாகவே இருந்தது. வந்தாள். ஹெட்போனை மாட்டினாள். நானும் மாட்டி, அவள் பக்கம் இருந்த இடது காதின் மெத்தையை நகர்த்திக் காதுக்குப் பின்னால் தள்ளினேன். உடனே அந்தப் பக்கத்துக் கும்மெல்லாம் ஒழுகிப்போய், படம் பல் போன ஆள் பேசுகிற மாதிரி ஆகிவிட்டது.

தீபா பார்த்துவிட்டு என் கையைத் தட்டினாள். "அப்பா, சரியா மாட்டு. பாஸ் போயிடும்."

"போவட்டும். நீ கேளு."